தாத்தா காத்திருந்தார்... பேரன் பார்த்தான்!

108 ஆண்டுகள் பட்டத்துக்குத் தவம் கிடந்த ஒரு கோஷ்டியின் கதை

ஜெயிக்கிற கோஷ்டிக்குக் கூட்டம் சேரும். அது உலக வழக்கம்.

தோற்கிற கோஷ்டிக்குக் கூட்டம் சேருமா?

சேர்ந்தது! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது!

அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. 1893-ம் ஆண்டில் விவேகானந்தர் சொற்பொழிவு செய்து புகழ் பெற்றாரே, அதே சிகாகோதான். அந்த ஊர் பேஸ்பால் கோஷ்டி ஒன்றின் பெயர் "சிகாகோ கப்ஸ்". கப்ஸ் என்றால் குட்டிகள். கரடிக் குட்டிகள்!

இந்தக் குட்டிகள் 1908-ம் ஆண்டில் சாம்பியன் பட்டம் பெற்றன. அதற்கு அடுத்த பட்டம் எப்போது கிடைத்தது தெரியுமா? 2016-ம் ஆண்டில்!

நடுவில் இரண்டு உலக யுத்தங்கள் வந்து போயின. வீட்டுக்கு வீடு ரேடியோ வந்தது. டெலிவிஷன் வந்தது. மனிதன் சந்திரனில் கால் வைத்தான். கப்ஸ் கோஷ்டிக்குப் பட்டம் மட்டும் வரவில்லை.

அத்தனை காலமும் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அழுதார்கள். திட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். ஆனால் கோஷ்டியை மட்டும் கைவிடவில்லை. தாத்தா மகனிடம் கொடுத்தார். மகன் பேரனிடம் கொடுத்தான். வீடு, நிலம் கொடுப்பதுபோல, அந்தக் கோஷ்டியின் மேல் இருந்த ஆசையைக் கொடுத்தார்கள்.

அந்த வேடிக்கையான, கொஞ்சம் கண்ணீரும் கலந்த கதையைக் கேளுங்கள்.

அது என்ன ஆட்டம்?

பேஸ்பால், கிரிக்கெட்டுக்குப் பங்காளி மாதிரி. இதிலும் மட்டை உண்டு. பந்து உண்டு. ரன் உண்டு. அவுட் உண்டு.

ஒரு கோஷ்டிக்கு 9 பேர். மைதானத்தில் நாலு மூலைகள். ஒரு மூலையில் நின்றுகொண்டு, எதிரி வீசும் பந்தை மட்டையால் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு, மற்ற மூன்று மூலைகளையும் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே தூக்கி அடித்தால் அதற்கு "ஹோம் ரன்" என்று பெயர். கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி.

மூன்று பேர் அவுட் ஆனதும், அடுத்த கோஷ்டி மட்டை பிடிக்கும். இப்படி இரண்டு கோஷ்டிகளுக்கும் 9 முறை கிடைக்கும். ரன் சமமாக இருந்தால் ஆட்டம் மேலும் நீளும்.

பெரிய கோஷ்டிகள் எல்லாம் "நேஷனல் லீக்", "அமெரிக்கன் லீக்" என்று இரண்டு பிரிவாக ஆடுகின்றன. இரண்டு பிரிவிலும் முதலில் நிற்கும் கோஷ்டிகள் கடைசியில் மோதும். அதுதான் "உலகத் தொடர்". அதில் நாலு பந்தயங்களில் முதலில் ஜெயிக்கும் கோஷ்டிக்குப் பட்டம்.

இப்போது ஒரு வருஷத்துக்கு ஒவ்வொரு கோஷ்டியும் 162 பந்தயங்கள் ஆடுகிறது. ஆகவே தோற்கிற கோஷ்டியின் ரசிகன், வருஷத்தில் ஒரு நாள் அழுதுவிட்டுப் போக முடியாது. கிட்டத்தட்ட தினசரி அழ வேண்டும்!

ராஜாவாக இருந்த காலம்

கப்ஸ் கோஷ்டி எப்போதும் நோஞ்சானாக இருக்கவில்லை.

1876-ம் ஆண்டில் நேஷனல் லீக் ஆரம்பித்தபோதே அதில் இருந்த கோஷ்டி இது. அப்போது அதற்கு "வெள்ளைக் காலுறைக் கோஷ்டி" என்று பெயர். 1902-ம் ஆண்டில் கோஷ்டியில் வாலிபர்கள் நிறைய இருந்தார்கள். "இவர்கள் குட்டிகள்" என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1906-ம் ஆண்டில் இவர்கள் 116 பந்தயங்களில் ஜெயித்தார்கள். தோற்றது 36 பந்தயங்களில்தான். ஆனால் உலகத் தொடரில் தோற்றுப் போனார்கள். தோற்கடித்தது யார்? அதே சிகாகோவைச் சேர்ந்த இன்னொரு கோஷ்டி, "ஒயிட் சாக்ஸ்"!

அந்த அவமானத்தை 1907-ம் ஆண்டில் துடைத்தார்கள். டெட்ராய்ட் கோஷ்டியை வென்று பட்டம் பெற்றார்கள். 1908-ம் ஆண்டிலும் அதே டெட்ராய்டை வென்றார்கள்.

அப்புறம்?

அப்புறம் 108 வருஷங்கள் ஒன்றும் இல்லை!

சுவரெல்லாம் பச்சைக் கொடி

கப்ஸ் கோஷ்டியின் மைதானத்துக்கு "ரிக்ளி மைதானம்" என்று பெயர். 1914-ம் ஆண்டில் வேறொரு கோஷ்டிக்காகக் கட்டப்பட்டது. 1916-ம் ஆண்டில் கப்ஸ் அங்கே குடியேறியது. முதல் பந்தயத்தன்று ஒரு நிஜக் கரடிக் குட்டியையே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்!

சூயிங்கம் விற்றுப் பெரும் பணக்காரர்களான ரிக்ளி குடும்பத்தார், 1981-ம் ஆண்டு வரை கோஷ்டிக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். அவர்கள் பெயர்தான் மைதானத்துக்கு.

மைதானத்தின் செங்கல் சுவரில், 1937-ம் ஆண்டில் கொடிகளை நட்டுப் படர விட்டார்கள். பந்து அந்த இலைகளுக்குள் போய் மாட்டிக்கொண்டால், அடித்தவருக்கு இரண்டு மூலைகள் கணக்கு. சுற்றுப்புற வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு ஆட்டம் பார்ப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ரன் பலகைக்கு மேலே ஒரு கொடி ஏறும். வெற்றி என்றால் வெள்ளைக் கொடியில் "டபிள்யூ" என்ற எழுத்து. தோல்வி என்றால் நீலக் கொடியில் "எல்" என்ற எழுத்து. வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வார்கள். நீலக் கொடி சீக்கிரம் கிழிந்து போயிருக்கும்!

மற்ற கோஷ்டிகள் இரவில் விளக்குப் போட்டு ஆட ஆரம்பித்தன. கப்ஸ் மட்டும் பகலிலேயே ஆடியது. 1941-ம் ஆண்டில் விளக்குச் சாமான்கள் வாங்கினார்கள். ஜப்பான் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டது, யுத்தம் வந்தது. சாமான்களை யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு 1988-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதிதான் முதல் முதலாக இரவு ஆட்டம் நடந்தது. அன்று என்ன ஆயிற்று? கொட்டோ கொட்டென்று மழை! ஆட்டம் பாதியில் நின்றது.

பகல் ஆட்டத்தால் ஒரு நன்மையும் இருந்தது. பெண்களுக்கு இலவச நாள் உண்டு. அம்மா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா, பேரனைக் கூட்டிக்கொண்டு போவார். 1948-ம் ஆண்டு முதல் டெலிவிஷனிலும் ஆட்டம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன், புத்தகப் பையை வைத்துவிட்டுக் கடைசிப் பகுதியைப் பார்ப்பான். வீட்டில் பாட்டி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படித்தான் கப்ஸ் ஒரு கோஷ்டியாக இல்லாமல், குடும்பத்தில் ஒருவராக ஆயிற்று. குடும்பத்தில் உதவாக்கரைப் பிள்ளை ஒருவன் இருந்தால் அவனைத் தள்ளிவிட முடியுமா?

தோல்வியில் எத்தனை ரகம்!

1910, 1918, 1929, 1932, 1935, 1938, 1945. இந்த ஏழு ஆண்டுகளில் கப்ஸ் உலகத் தொடருக்குப் போனது. ஏழு தடவையும் தோற்றது.

1929-ம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். பிலடெல்பியா கோஷ்டியோடு நாலாவது பந்தயம். கப்ஸ் 8 ரன். எதிரி சைபர். "வெற்றி நமக்கே" என்று ரசிகர்கள் மீசையை முறுக்கினார்கள். ஏழாவது முறையில் எதிரிகள் ஒரே மூச்சில் 10 ரன் எடுத்துவிட்டார்கள்! கப்ஸ் வீரர் ஹாக் வில்சன் பந்தைப் பிடிக்க அண்ணாந்தார். சூரிய வெளிச்சம் கண்ணைக் கூசியது. பந்து எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கப்ஸ் 10-8 என்று தோற்றது.

1932-ம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டி வந்தது. பேஸ்பால் மன்னன் பேப் ரூத் ரிக்ளி மைதானத்தில் மட்டை பிடித்தார். கப்ஸ் வீரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் கையை நீட்டிச் சைகை செய்தார். அடுத்து அடித்தார் பாருங்கள், ஹோம் ரன்! "இந்தப் பக்கம் அடிக்கப் போகிறேன் என்று சுட்டிக் காட்டிவிட்டு அடித்தார்" என்று ஒரு கட்சி. "இல்லை, சும்மா கையை ஆட்டினார்" என்று ஒரு கட்சி. அந்த வாதம் இன்னும் தீரவில்லை. கப்ஸ் தோற்றதில் மட்டும் வாதமே இல்லை.

ஆட்டத்தைக் கெடுத்த ஆடு

இப்போது ஆட்டுக் கதைக்கு வருவோம்.

கிரேக்க நாட்டிலிருந்து சிகாகோவுக்குப் பிழைக்க வந்தவர் வில்லியம் சியானிஸ். அவர் ஒரு மதுக்கடை வைத்திருந்தார். லாரியிலிருந்து விழுந்த ஒரு ஆடு அவர் கடைக்குள் நொண்டிக்கொண்டு வந்ததாகவும், அதை அவர் வளர்த்ததாகவும் சொல்வார்கள். ஆட்டின் பெயர் மர்ஃபி. கடைக்கும் "ஆட்டுக்கடா மதுக்கடை" என்றே பெயர் வைத்தார்.

1945-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி. உலகத் தொடர். டெட்ராய்டோடு நாலாவது பந்தயம். கப்ஸ் 2-1 என்று முன்னணியில் இருந்தது.

சியானிஸ் இரண்டு டிக்கெட் வாங்கினார். ஒன்று தனக்கு. இன்னொன்று ஆட்டுக்கு!

"ஆடு நாறுகிறது. வெளியே கொண்டு போ" என்றார்கள்.

டிக்கெட் வாங்கிய ஆட்டுக்கே இடம் இல்லையா? சியானிசுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இனி இந்தக் கோஷ்டி ஜெயிக்கவே ஜெயிக்காது" என்று சாபம் கொடுத்தார் என்பது கதை.

அன்றைய பந்தயத்தில் கப்ஸ் தோற்றது. தொடரையும் 4-3 என்று தோற்றது. அதற்கு அப்புறம் 71 ஆண்டுகள் உலகத் தொடருக்குள் நுழையக்கூட முடியவில்லை. ஆட்டக்காரர்களின் தலையெழுத்தை ஆட்டுக்காரர் எழுதிவிட்டார்!

சாபம் பலிக்குமா என்று கேட்கலாம். ஆட்டுக்கு முன்னாலேயே 37 வருஷம் பட்டம் இல்லையே, அதற்கு யார் சாபம்? ஆனால் தோற்றுத் தோற்றுப் புண்பட்ட மனதுக்கு, "நாங்கள் மோசமாக ஆடினோம்" என்பதைவிட, "ஆடு சபித்துவிட்டது" என்பது எவ்வளவோ ஆறுதல்!

எட்டு மாமனார்கள்

சாபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிர்வாகத்தின் மூளை வேறொரு பக்கம் வேலை செய்தது.

ஒரு கோஷ்டிக்கு ஒரு மானேஜர் இருப்பார். 1961-ம் ஆண்டில் கப்ஸ் முதலாளி ஒரு புதிய யோசனை செய்தார். "ஒரு மானேஜர் வேண்டாம். பல பயிற்சியாளர்கள் இருக்கட்டும். முறை போட்டுத் தலைமை வகிக்கட்டும்" என்றார். அதன்படி எட்டுப் பேரை வைத்து ஆரம்பித்தார்கள்.

ஒரு மாப்பிள்ளைக்கு எட்டு மாமனார்கள் இருந்தால் எப்படி இருக்கும்? ஒருவர் "ஓடு" என்றார். அடுத்த வாரம் வந்தவர் "நில்" என்றார். 1962-ம் ஆண்டில் கப்ஸ் 103 பந்தயங்களில் தோற்றது.

1964-ம் ஆண்டில் இன்னொரு வியாபாரம். லூ பிராக் என்ற வாலிபரைச் செயிண்ட் லூயிஸ் கோஷ்டிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு எர்னி பிரோலியோ என்ற பந்து வீச்சாளரை வாங்கினார்கள். வந்தவர் கப்ஸ் கோஷ்டிக்காக ஏழே பந்தயங்களில்தான் வெற்றி தேடிக் கொடுத்தார். போனவர் அதே ஆண்டில் புதிய கோஷ்டியோடு சாம்பியன் ஆனார். பிற்காலத்தில் பேஸ்பால் உலகின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவராகப் பெயர் எடுத்தார். குதிரையைக் கொடுத்துக் கழுதையை வாங்கிய கதை!

கறுப்புப் பூனை

1969-ம் ஆண்டு. கப்ஸ் கோஷ்டிக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆகஸ்டு மாதத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றது.

செப்டம்பர் 9-ந் தேதி நியூயார்க்கில் "மெட்ஸ்" கோஷ்டியோடு பந்தயம். திடீரென்று ஒரு கறுப்புப் பூனை மைதானத்துக்குள் வந்தது. மட்டை பிடிக்கக் காத்திருந்த கப்ஸ் வீரர் ரான் சாண்டோவின் பக்கத்தில் நடந்தது. கப்ஸ் வீரர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

ஆடு போதாதென்று பூனையும் வந்து சேர்ந்தது! அந்த மாதம் கப்ஸ் தொடர்ந்து 8 பந்தயங்களில் தோற்றது. மெட்ஸ் முந்தியது. அந்த ஆண்டு உலகப் பட்டமும் அவர்களுக்கே.

காத்திருந்து மறைந்தவர்கள்

இதுவரை சிரித்தோம். இனிக் கொஞ்சம் நெஞ்சு கனக்கும் செய்தி.

எர்னி பேங்க்ஸ் என்று ஒரு வீரர். கப்ஸ் கோஷ்டியில் ஆடிய முதல் கறுப்பு இன வீரர் அவர். 1953 முதல் 1971 வரை அந்த ஒரே கோஷ்டியில் ஆடினார். 512 ஹோம் ரன் அடித்தார். 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நேஷனல் லீகின் சிறந்த வீரர் என்று பரிசு பெற்றார்.

ஆனால் ஒரு தடவைகூட அவர் உலகத் தொடரில் ஆடியது இல்லை. கோஷ்டி போனால்தானே அவர் போவதற்கு!

அதற்காக அவர் முகம் வாடியதே இல்லை. "இன்று இரண்டு பந்தயம் ஆடுவோமே" என்பதுதான் அவருடைய வாடிக்கையான பேச்சு. 2013-ம் ஆண்டில் அவருக்கு அமெரிக்க அரசின் உயர்ந்த விருது கிடைத்தது. கொடுத்தவர் ஜனாதிபதி ஒபாமா. அவரும் சிகாகோக்காரர்தான். ஆனால் ஒயிட் சாக்ஸ் ரசிகர்!

2015-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பேங்க்ஸ் காலமானார். இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால்...

கறுப்புப் பூனையைப் பார்த்த ரான் சாண்டோவுக்குச் சர்க்கரை வியாதி. அதை வெகுநாள் யாருக்கும் சொல்லாமலே ஆடினார். பிற்காலத்தில் இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார்கள். அப்படியும் ரேடியோவில் கப்ஸ் ஆட்டங்களை வர்ணித்துக்கொண்டிருந்தார். வீரர் யாராவது பந்தைக் கோட்டை விட்டால் ரேடியோவிலேயே "ஐயோ!" என்று அலறிவிடுவார். சிகாகோ முழுவதும் அவரோடு சேர்ந்து அலறும். 2010-ம் ஆண்டில் அவரும் போய்விட்டார். பேஸ்பால் உலகின் புகழ் மண்டபத்துக்கு அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தது, மறு ஆண்டில்தான்!

ஸ்டீவ் குட்மன் என்று ஒரு பாடகர். கப்ஸ் ரசிகர். அவருக்கு ரத்தப் புற்றுநோய். சாகக் கிடக்கும் ஒரு ரசிகன், தன் கடைசிச் சடங்கை ரிக்ளி மைதானத்தில் நடத்தச் சொல்வதுபோல ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதினார். 1984-ம் ஆண்டில் கோஷ்டியை உற்சாகப்படுத்த இன்னொரு பாட்டும் எழுதினார். அந்த ஆண்டு கப்ஸ் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அதற்கு நாலு நாள் முன்பு, செப்டம்பர் 20-ந் தேதி, குட்மன் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 36. அவர் எழுதிய உற்சாகப் பாட்டைத்தான் சொந்த மைதானத்தில் கப்ஸ் ஜெயித்ததும் ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள்.

ஒரு பந்தும் ஒரு ரசிகரும்

2003-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி. ரிக்ளி மைதானம். புளோரிடா கோஷ்டியோடு பந்தயம். கப்ஸ் 3-0 என்று முன்னால் நிற்கிறது. இன்னும் ஐந்து பேரை அவுட் ஆக்கினால் போதும். உலகத் தொடர்!

அப்போது ஒரு பந்து உயரப் பறந்து காலரி ஓரமாக இறங்கியது. கப்ஸ் வீரர் எம்பினார். காலரியில் இருந்த சிலரும் கையை நீட்டினார்கள். ஒரு ரசிகரின் கையில் பட்டுப் பந்து தெறித்தது. அவுட் போயிற்று.

அதன் பிறகு கப்ஸ் வீரர்கள் தடுமாறினார்கள். சுலபமான பந்து ஒன்றைத் தவற விட்டார்கள். எதிரிகள் அந்த முறையிலேயே 8 ரன் குவித்தார்கள். மறுநாள் பந்தயத்திலும் கப்ஸ் தோற்றது.

பழி யார் மேல்? பந்தைத் தவற விட்ட வீரர் மேலா? ரன் கொடுத்த வீச்சாளர் மேலா? இல்லை. கையை நீட்டிய ரசிகர் மேல்! அவரைக் காவலோடு வெளியே அழைத்துப் போக வேண்டியதாயிற்று. அவர் பல ஆண்டுகள் வெளியே தலைகாட்டவில்லை. அவர் செய்தது விதிப்படி தவறே அல்ல. அவரும் மற்றவர்களைப்போல ஒரு கப்ஸ் ரசிகர். அவர் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்தப் பந்தை ஒரு ஓட்டல் நிர்வாகம் 1,13,824 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. எதற்கு? 2004-ம் ஆண்டில் ஊர் கூடி நின்று அதை வெடி வைத்துத் தகர்ப்பதற்கு!

பரிகாரமோ பரிகாரம்!

சாபம் என்றால் பரிகாரம் செய்ய வேண்டாமா?

1984-ம் ஆண்டில் சியானிசின் உறவினர் ஒருவரை ஆட்டோடு மைதானத்துக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். அந்த ஆண்டு கப்ஸ் பிரிவில் முதலிடம் வந்தது உண்மை. சான் டியாகோ கோஷ்டியோடு முதல் இரண்டு பந்தயங்களில் ஜெயித்ததும் உண்மை. அடுத்த மூன்றிலும் தோற்றுத் திரும்பியதும் உண்மை!

2008-ம் ஆண்டில் ஒரு கிரேக்க பாதிரியாரைக் கொண்டு, வீரர்கள் உட்காரும் இடத்தில் புனித நீர் தெளித்தார்கள். அந்தத் தொடரில் மூன்று பந்தயங்கள். மூன்றும் தோல்வி!

"2015-ம் ஆண்டில் கப்ஸ் பட்டம் பெறும்" என்று 1989-ம் ஆண்டு வந்த ஒரு சினிமாவில் வேடிக்கையாகக் காட்டினார்கள். அந்தப் படத்தில் வரும் தேதி 2015 அக்டோபர் 21. நிஜமாகவே 2015-ல் கப்ஸ் நன்றாக ஆடியது. ரசிகர்கள் புல்லரித்துப் போனார்கள். சரியாக அதே அக்டோபர் 21-ந் தேதி மெட்ஸ் கோஷ்டியிடம் தோற்று வெளியேறியது! மெட்ஸ் பக்கம் வெளுத்துக் கட்டிய வீரரின் பெயர் என்ன தெரியுமா? மர்ஃபி. ஆட்டின் பெயரேதான்!

எத்தனை பரிகாரம் பலிக்காவிட்டாலும் ரசிகர்களின் கேலி மட்டும் குறையவில்லை. மைதானத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தில் எண் பலகை ஒன்று இருக்கிறது. பட்டம் கிடைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அதில் வருஷா வருஷம் மாற்றுவார்கள். தன் வீட்டுக் கடனைத் தானே திண்ணையில் எழுதி வைப்பதுபோல!

2005-ம் ஆண்டில் பக்கத்து வீட்டுக் கல்யாணமும் நடந்துவிட்டது. ஒயிட் சாக்ஸ் கோஷ்டி 88 வருஷத்துக்குப் பிறகு பட்டம் பெற்றது. கப்ஸ் ரசிகர்கள் மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். "அடுத்த வருஷம் பார்!" என்றார்கள். அதுதான் அவர்களுடைய மந்திரம்.

சாபத்தை உடைத்தது எது?

ஆட்டால் ஆகாததை அறிவு செய்தது.

பாஸ்டன் கோஷ்டிக்கு 2004-ம் ஆண்டில், 86 வருஷத்துக்குப் பிறகு பட்டம் வாங்கிக் கொடுத்தவர் தியோ எப்ஸ்டீன். அவரை 2011-ம் ஆண்டில் கப்ஸ் அழைத்து வந்தது. அவர் பழைய வீரர்களை விற்றார். இளைஞர்களைச் சேர்த்தார்.

அமெரிக்கப் பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. புதிய வாலிபர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றாக ஆடிய கோஷ்டிகளுக்கு முன்பே மோசமாகத் தோற்ற கோஷ்டிகளுக்கு வாய்ப்பு. 2012-ல் கப்ஸ் 101 பந்தயங்களில் தோற்றது. அதன் பலனாக, மறு ஆண்டில் கிரிஸ் பிரயண்ட் என்ற இளைஞர் கிடைத்தார். புற்றுநோயிலிருந்து மீண்ட அந்தனி ரிசோ என்ற வாலிபரும் கோஷ்டியில் இருந்தார். நெல் விதைத்தவன் அறுவடை வரை பொறுக்க வேண்டும் அல்லவா? ரசிகர்கள் பொறுத்தார்கள். பொறுப்பது அவர்களுக்குப் புதிதா?

2016-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி கப்ஸ் உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது. சாபம் கொடுத்த சியானிஸ் இறந்ததும் அக்டோபர் 22-ந் தேதிதான், 1970-ம் ஆண்டில்!

17 நிமிஷ மழை

எதிரி கிளீவ்லாந்து கோஷ்டி. அவர்களும் 1948-ம் ஆண்டு முதல் பட்டத்துக்கு ஏங்குகிறவர்கள். முதல் நாலு பந்தயங்களில் மூன்று அவர்களுக்கு. "பழைய கதைதான்" என்று தலையில் கை வைத்தார்கள். ஆனால் கப்ஸ் ஐந்தாவதை ஜெயித்தது. ஆறாவதையும் ஜெயித்தது!

நவம்பர் 2-ந் தேதி இரவு கடைசிப் பந்தயம். அமெரிக்காவில் சுமார் 4 கோடி பேர் டெலிவிஷன் முன்னால். கப்ஸ் 6-3 என்று முன்னணி. எட்டாவது முறையில் கிளீவ்லாந்து வீரர் ராஜாய் டேவிஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். 6-6! சிகாகோவில் மூச்சு நின்றது.

ஒன்பது முறையும் முடிந்தது. சமம். அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் 17 நிமிஷம் நின்றது.

அந்த 17 நிமிஷத்தில் ஜேசன் ஹேவர்டு என்ற கப்ஸ் வீரர், எல்லோரையும் ஒரு அறைக்குள் அழைத்துத் தைரியம் சொன்னார். அந்த ஆண்டு அவர் மட்டை சரியாகப் பேசவில்லை. அன்று அவர் வாய் பேசியது! மழை விட்டது. கப்ஸ் 2 ரன் எடுத்தது. கிளீவ்லாந்து ஒன்றுதான் எடுக்க முடிந்தது. கடைசிப் பந்தைப் பிரயண்ட் எடுத்து வீசினார். கால் வழுக்கியது. ஆனால் பந்து வழுக்கவில்லை. ரிசோவின் கையில் போய் விழுந்தது. 8-7!

1988-ல் முதல் இரவு ஆட்டத்தைக் கெடுத்த மழை, 2016-ல் கடனைத் தீர்த்துவிட்டது!

பேஸ்பால் பந்தில் இருக்கும் இரட்டைத் தையல்கள் எத்தனை தெரியுமா? 108. நாம் 108 தேங்காய் உடைப்போம். அவர்கள் 108 வருஷம் காத்திருந்தார்கள்!

சுவரில் எழுதிய பெயர்கள்

அடுத்த இரண்டு நாளில் நடந்த ஊர்வலத்துக்கு 50 லட்சம் பேர் வந்ததாக நகர நிர்வாகம் மதிப்பிட்டது. ஆனால் பெரிய காட்சி அது அல்ல.

ரிக்ளி மைதானத்தின் வெளிச் சுவருக்கு ஜனங்கள் சாக்குக் கட்டிகளோடு வந்தார்கள். பெயர்களை எழுதினார்கள். வீரர்களின் பெயர்களை அல்ல. "அப்பா", "தாத்தா", "பாட்டி" என்று, இந்த நாளைப் பார்க்காமல் போனவர்களின் பெயர்களை! கைக்கு எட்டிய இடம் நிரம்பியதும், பிள்ளைகளைத் தோளில் தூக்கி மேலே எழுத வைத்தார்கள்.

கல்லறைகளில் வெற்றிக் கொடியை நட்டார்கள். ஒரு மகன், வெகுதூரம் கார் ஓட்டிக்கொண்டு போய், அப்பாவின் கல்லறைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசிப் பந்தயத்தை ரேடியோவில் கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து கேட்பதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம்!

2003-ல் பழி சுமந்த அந்த ரசிகரையும் மறக்கவில்லை. 2017-ம் ஆண்டில், வீரர்கள் அணியும் அதே சாம்பியன் மோதிரத்தைக் கோஷ்டியார் அவருக்குக் கொடுத்தார்கள். பட்டத்தைவிடப் பெரிய வெற்றி அது என்று சொல்லலாம்.

ஜெயிக்கிற கோஷ்டியைப் பிடித்துக்கொள்ள மனம் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். தோற்கிற கோஷ்டியோடு நிற்பதற்குத்தான் மனம் வேண்டும். அப்படி நின்றவர்கள் பட்டத்துக்காக மட்டும் காத்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்காகவும் தாத்தாவுக்காகவும் மைதானத்துக்குப் போனார்கள். அதனால்தான் பட்டம் வந்ததும் அவர்களைத் தேடினார்கள்.

2016-ம் ஆண்டில் எதிர்க் கட்டடத்துப் பலகையில் எல்லா எண்களும் சைபர் ஆயின.

2017-ம் ஆண்டில் உலகத் தொடருக்குப் போகும் வாசலில் கப்ஸ் தோற்றது. ரசிகர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

வேறு என்ன? "அடுத்த வருஷம் பார்!"